எருசலேமை ஈன்ற ஊற்று

கீகோன் ஊற்று, எருசலேமின் பழைய மதிலுக்குத் தெற்கே, கீதரோன் பள்ளத்தாக்கின் ஓரத்தில் ஒரு பாறைக்குகையின் தரையிலிருந்து சுரக்கிறது. பழைய நகரத்துக்கு எட்டும் தொலைவில் கோடையிலும் வற்றாத ஊற்று என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். இன்னும் தெற்கே உள்ள என்ரொகேல் நெடுங்காலமாகக் கிணறாகவே அறியப்படுகிறது. அரபு மக்கள் கீகோனைப் ‘படிகளின் தாய்’ என்கிறார்கள். குகைக்குள் இறங்கிப்போகும் படிக்கட்டுகளால் வந்த பெயர் அது. குழந்தை இயேசுவின் துணிகளை மரியாள் இங்கே துவைத்தாள் என்ற நம்பிக்கையால் கிறிஸ்தவர்களிடையே ‘கன்னியின் ஊற்று’ என்ற பெயரும் வழங்கியது.

ஊற்றுக்கு நேர் மேலே, வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது ஒரு குறுகலான மலைமுதுகு. ‘தாவீதின் நகரம்’ எனப்படும் இந்த இடம் ஏறத்தாழ 12 ஏக்கர் பரப்பே கொண்டது. எருசலேமின் மிகப் பழைய குடியிருப்பு இங்கேதான் இருந்தது. நிலப்படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இது புரியாத தேர்வு. கிழக்கே ஒலிவமலை, வடக்கே கோயில் மலை, மேற்கே இன்று சீயோன் என்று அழைக்கப்படும் மேடு ஆகிய மூன்றுமே இந்த மலைமுதுகைவிட உயரமானவை. கோட்டை கட்ட இடம் தேடுபவர்கள், மூன்று பக்கமும் எதிரி மேலிருந்து எட்டிப் பார்க்கும் இடத்தை விரும்பமாட்டார்கள். உயரமான மேடுகளை விட்டுவிட்டு இந்தத் தாழ்ந்த குன்றுக்கு மக்கள் வந்ததற்கு ஒரே காரணம், அதன் அடியில் இருந்த தண்ணீர்.

அந்தத் தண்ணீரின் அருமை அங்குள்ள மழைக்கணக்கில் தெரியும். எருசலேமில் ஆண்டுக்கு ஏறத்தாழ 550 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதுவும் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும். பிறகு கோடை முழுவதும் வானம் வறண்டு கிடக்கும். நம் ஊர்க் கோடைமழை போன்ற ஆறுதல் அங்கே கிடையாது. அருகில் ஆறும் இல்லை. கீதரோன் என்பது மழை பெய்தால் ஓடிப் பிறகு காய்ந்துவிடும் ஓடை. வீட்டுக்கு வீடு பாறையைக் குடைந்து, சுண்ணச்சாந்து பூசி, மழைநீரைச் சேர்த்துவைக்கும் வழக்கம் பரவும்வரை ஊரின் உயிர் இந்த ஒரு குகையில்தான் இருந்தது.

ஊற்று இயங்கும் விதமும் வியப்பானது. இந்த மலைகள் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. மழைநீர் விரிசல்கள் வழியே இறங்கி, பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையைக் கரைத்து, உள்ளே பொந்துகளையும் குழாய் போன்ற பாதைகளையும் உண்டாக்கியிருக்கிறது. இப்படி உள்ளே ஒரு பொந்தில் நீர் மெல்லச் சேர்கிறது. அங்கிருந்து வெளியேறும் பாதை முதலில் மேல்நோக்கி வளைந்து பிறகு கீழிறங்குகிறது. நீர்மட்டம் அந்த வளைவைத் தாண்டும் நொடியில் பொந்திலிருக்கும் நீர் மொத்தமும் இழுபட்டு வெளியே பாய்கிறது. வண்டித் தொட்டியிலிருந்து ரப்பர் குழாய் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சிவிட்டால் அது தானாக இறங்கிக்கொண்டே இருப்பதைப் போல. பொந்து காலியானதும் பாய்ச்சல் அடங்கிவிடும், மறுபடி நிறையும்வரை. இதனால் கீகோன் முற்காலத்தில் விட்டுவிட்டுப் பொங்கியது. மழைக்காலத்தில் நாளுக்குப் பல தடவையும் கோடையில் குறைவாகவும் பொங்கும். 1838இல் இங்கு வந்த அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ராபின்சன், குகைத் தொட்டியை அளக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது நீர் திடீரெனக் குமிழியிட்டு ஏறியதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அதற்கு முன்பும் பயணிகள் இதைக் குறிப்பிட்டிருந்தாலும், பலர் அதைக் கட்டுக்கதை என்றே எண்ணினார்கள். நீருக்குள் ஒரு நாகம் உறங்குகிறது, அது விழித்தால் நீர் நிற்கும் என்பது ஊரார் சொன்ன விளக்கம். இப்போது சுற்றிலும் நகரம் பெருகிவிட்டதால் ஊற்று முன்போல் துள்ளாமல் பெரும்பாலும் சீராக ஓடுகிறது.

கோட்டையும் நீரும்

குன்றின் சரிவில் கிடைத்த மிகப் பழைய பானையோடுகள் 5,500 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் இறுதியை ஒட்டிய சில வீடுகளின் அடித்தளங்களும் கல்லறைகளும் அகப்பட்டுள்ளன. அதை ஊர் என்பதைவிடக் குடியிருப்பு என்பதே பொருந்தும். ஊர் என்று சொல்லும்படி அது வளர்ந்தது கி.மு. 18ஆம் நூற்றாண்டு அளவில். ஏறக்குறைய அதே காலத்தில் எகிப்தியர்கள் தங்கள் பகைவர்களின் பெயர்களைக் களிமண்ணில் எழுதிச் சபித்து உடைத்தார்கள். அந்த உடைசல்களில்தான் எருசலேமின் பெயர் முதன்முதலாக எழுத்தில் காணப்படுகிறது. நகரத்தின் எழுத்து வரலாறு ஒரு சாபத்தில் தொடங்குகிறது.

கானானியர்களின் அந்த ஊர் மதில் எழுப்பியபோது, பின்னால் வந்த ஒவ்வொரு தலைமுறையும் எதிர்கொண்ட சிக்கல் முதன்முறையாகத் தலைதூக்கியது. மதிலைச் சரிவின் நடுவில் கட்டினால்தான் மேலே நின்று எதிரியைத் தாக்க முடியும். ஊற்றோ பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. மதிலை ஊற்றுவரை இறக்கினால், மறுகரையில் ஏறி நிற்கும் எதிரி ஊருக்குள் கல்லெறியலாம். மேலேயே நிறுத்தினால் முற்றுகையின்போது ஊற்று எதிரியின் கையில். காப்பு மேலே, தண்ணீர் கீழே என்ற இந்த முரண்பாட்டைத் தீர்க்க நடந்த முயற்சிகளே எருசலேமின் ஆரம்பகாலக் கட்டுமான வரலாறு என்றால் மிகையாகாது.

கானானியர்களின் விடையை 1995 முதல் இங்கே தோண்டிய ரோனி ரைக், எலி ஷுக்ரோன் என்னும் தொல்லியலாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். ஊற்றைச் சுற்றிப் பல டன் எடையுள்ள பாறைகளால் ஆன கோபுரம். அருகில் பாறையில் வெட்டிய பெரிய தொட்டி. அதையும் காக்க இன்னொரு கட்டுமானம். மதிலுக்குள்ளிருந்து பாறையைக் குடைந்து இறங்கிவரும் சுரங்கவழி. ஊருக்குள் இருப்பவர் வெளியே தலைகாட்டாமல் நடந்துவந்து நீர் மொண்டு போகலாம். கோபுரத்துச் சுவர்களில் சில ஏழு மீட்டர் தடிமன் உள்ளவை. ஒரு கருத்து வேறுபாட்டையும் சொல்லவேண்டும். கோபுரத்தின் அடியிலிருந்து எடுத்த மண்ணைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தி 2017இல் வெளியான ஆய்வு, அந்தப் பகுதி கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றது. அப்படியானால் கோபுரம் கானானியருடையது அல்ல, யூதா அரசர்களுடையது. பிற்காலத்தில் பழுதுபார்த்த பகுதியின் மண்தான் அது என்பது எதிர்த்தரப்பின் வாதம். வழக்கு இன்னும் தீரவில்லை.

தற்காப்போடு வேளாண்மையையும் கானானியர்கள் மறக்கவில்லை. ஊற்றிலிருந்து தெற்கே, சரிவையொட்டி, ஏறத்தாழ 400 மீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. அதன் முதற்பகுதி ஆழமான வெட்டு. மேலே பெருங்கற்களால் மூடப்பட்டது. கால்வாயின் பக்கச்சுவரில் ஆங்காங்கே திறப்புகள் உண்டு. மடை திறந்தால் கீழே பள்ளத்தாக்கின் தோட்டங்களுக்கு நீர் பாயும். அமைதிக்காலத்தில் அருமையான ஏற்பாடு. போர் வந்தால் அதே மடைகள் எதிரியின் தாகத்தையும் தீர்க்கும்.

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எருசலேமை ஆண்ட அப்தி-ஹெபா, தன் மேலரசனான எகிப்தின் பார்வோனுக்கு அனுப்பிய களிமண் கடிதங்கள் ஆறு கிடைத்துள்ளன. அண்டை ஊர்க்காரர்கள் நெருக்குகிறார்கள், வில்லாளிகளை அனுப்புங்கள் என்பதே அவற்றின் சாரம். சின்னஞ்சிறு மலைநகரின் அச்சம் அவற்றில் தெரிகிறது.

தாவீதும் சாலொமோனும்

கி.மு. 1000 அளவில், அப்போது அங்கே வாழ்ந்த எபூசியர்களிடமிருந்து நகரைத் தாவீது கைப்பற்றினார் என்கிறது விவிலியம். அந்தப் பகுதியில் தண்ணீர்ப் பாதை ஒன்றைப் பற்றிய மங்கலான குறிப்பு உண்டு. முதலில் ஏறிப்போனவன் தாவீதின் வீரனான யோவாப் என்கிறது விவிலியத்தின் இன்னொரு நூலான நாளாகமம். இரண்டையும் சேர்த்து, யோவாப் நீர்வழியில் ஊர்ந்து நகருக்குள் புகுந்தான் என்று பிற்காலத்தார் கதையை நிறைவு செய்துகொண்டார்கள்.

1867இல் பிரிட்டிஷ் படைப் பொறியாளர் சார்லஸ் வாரன் ஊற்றின் அருகே செங்குத்தான பாறைப்பிளவு ஒன்றைக் கண்டுபிடித்ததும் இந்தக் கதைக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்தார்கள். 12 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள அந்தப் பிளவுக்கு இன்றும் வாரனின் பெயர்தான். மேலிருந்து வாளி இறக்கி நீர் இறைத்த கிணறு என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடநூல்கள் எழுதின. ஆனால் அது இயற்கையாக உண்டான பிளவு. அதற்கு மேலே ஓடிய சுரங்கவழியின் தரை தாவீதின் காலத்தில் இன்னும் உயரத்தில் இருந்ததால், பிளவின் வாய் அப்போது திறக்கப்படவே இல்லை என்று ரைக்கும் ஷுக்ரோனும் காட்டினார்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு தரையைத் தாழ்த்தி வெட்டியபோதுதான் அது வெளிப்பட்டது. யோவாப் எந்த வழியில் ஏறியிருந்தாலும் இந்த வழியில் ஏறவில்லை.

சாலொமோனின் முடிசூட்டு விழாவில் ஊற்று இன்னும் உறுதியாகத் தோன்றுகிறது. தாவீது முதுமையில் தளர்ந்திருந்தபோது, அவருடைய மூத்த மகன்களில் ஒருவனான அதோனியா என்ரொகேலில் விருந்து வைத்துத் தன்னையே அரசனாக்கிக்கொள்ளப் பார்த்தான். செய்தி அரண்மனைக்கு வந்தது. இன்னொரு மகனான சாலொமோனைத் தன் கோவேறு கழுதையில் ஏற்றிக் கீகோனுக்குக் கொண்டுபோய், அங்கே எண்ணெய் வார்த்து அபிஷேகம் செய்யும்படி தாவீது ஆணையிட்டார். எக்காளம் ஊதியது, கூட்டம் ஆரவாரித்தது. அந்த ஓசை அதே பள்ளத்தாக்கில் சற்றுத் தள்ளி விருந்துண்டுகொண்டிருந்த அதோனியாவின் காதில் விழுந்தது, விருந்தாளிகள் கலைந்தோடினார்கள். ஊரே கூடும் இடம் தண்ணீர்த் துறைதான் என்பதால் அங்கே முடிசூட்டுவது எல்லோரும் அறிய நடந்த செயலாகிவிடுகிறது. எதிரியின் காதில் விழும் தூரத்தில் அதை நடத்தியது தேர்ந்த அரசியல்.

அடுத்த இருநூறு ஆண்டுகளில் ஊற்றை ஒட்டிய பகுதி ஆட்சி வேலைகளுக்கும் பயன்பட்டிருக்கவேண்டும். பழைய பாறைத்தொட்டியை மண்கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். அந்த மண்ணைச் சலித்தபோது, பொதிகளிலும் சுருள்களிலும் ஒட்டப்பட்ட களிமண் முத்திரைகள் நூற்றுக்கும் மேல் கிடைத்தன. அவற்றில் படங்கள் உண்டு, எழுத்து இல்லை. ஆயிரக்கணக்கான மீன் எலும்புகளும் கிடைத்தன. கடல் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்.

எசேக்கியாவின் சுரங்கம்

கி.மு. 722 அளவில் வடக்கே இஸ்ரவேல் அரசு அசீரியர்களிடம் வீழ்ந்தது. அந்நூற்றாண்டில் எருசலேம் மேற்கு மேட்டின்மீதும் பரவி, பல மடங்கு பெருத்தது. வடக்கிலிருந்து வந்த அகதிகளே இதற்கு முக்கியக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். புதிய குடியிருப்பைச் சுற்றி ஏழு மீட்டர் அகலமான மதில் எழுந்தது. அதன் ஒரு பகுதியை நஹ்மான் அவிகாத் 1970களில் தோண்டி எடுத்தார். யூதாவின் அரசனான எசேக்கியா அசீரியாவுக்குக் கப்பம் கட்ட மறுத்தார். பதிலடியாக அசீரிய மன்னன் சனகெரிப் கி.மு. 701இல் படையோடு வந்தான்.

படை வருமுன் ஊருக்கு வெளியே இருந்த நீர்நிலைகளை மக்கள் தூர்த்தார்கள் என்றும், எசேக்கியா கீகோனின் நீரை மேற்குப் பக்கமாக நகருக்குள் திருப்பினார் என்றும் நாளாகமம் கூறுகிறது. அந்தத் திருப்பம்தான் 533 மீட்டர் நீளமுள்ள சுரங்கம். மலையின் அடிவயிற்றைக் குடைந்துகொண்டு, மதிலுக்குள் இருந்த சீலோவாம் குளத்தில் அது முடிகிறது. ஊற்றை மதிலுக்குள் கொண்டுவர முடியாது என்பதால் ஊற்றின் நீரை மதிலுக்குள் கொண்டுவந்தார்கள். வெளியே ஊற்றின் வாயை மறைத்துவிட்டால் எதிரிக்கு அது கண்ணில் படாது. கானானியர் காலத்திலிருந்து தொடர்ந்த சிக்கலுக்கு இதைவிடச் சுத்தமான தீர்வு இல்லை.

இரண்டு முனையிலிருந்தும் இரண்டு குழுக்கள் வெட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தன. பாறையில் குந்தாலி பட்ட தடங்கள் இன்றும் தெளிவாக உள்ளன. வடக்குப் பாதியில் அவை ஒரு திசையையும் தெற்குப் பாதியில் எதிர்த்திசையையும் காட்டுகின்றன. அகலம் ஓராள் நுழையும் அளவு. உயரம் சில இடங்களில் குனியவைக்கிறது, தெற்கு முனையில் ஐந்து மீட்டர்வரை எழும்புகிறது. அவ்வளவு நீளத்திலும் தரை இறங்குவது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் மட்டுமே. நீர் தேங்காமலும் சீறாமலும் போக இந்தச் சரிவு போதும்.

நேர்க்கோட்டில் வெட்டியிருந்தால் 320 மீட்டரில் முடிந்திருக்கும். ஏன் இவ்வளவு நெளிவு? நீர் ஏற்கெனவே அரித்துவைத்த பாறைவிரிசல் ஒன்றைப் பின்தொடர்ந்து வெட்டினார்கள் என்று நிலவியலாளர் டான் கில் விளக்கினார். அது இரு குழுக்களும் சந்தித்ததற்கும், உள்ளே காற்று கிடைத்ததற்கும் ஒருசேரக் காரணம் சொல்கிறது. வழி நெடுக அப்படி ஒரு விரிசல் இல்லை என்று மறுத்தவர்கள், மேலே தரையில் நின்று சுத்தியலால் அடித்த ஓசையே கீழே இருந்தவர்களுக்கு வழிகாட்டியது என்கிறார்கள். சந்திப்புக்கு அருகில் இரு குழுவும் தடுமாறியது மட்டும் ஐயமில்லாத உண்மை. அங்கே சில அடி வெட்டிக் கைவிட்ட முட்டுச்சந்துகளும், சட்டென்று திரும்பும் வளைவுகளும் இருக்கின்றன. கிரேக்கத் தீவான சாமோஸில் இதுபோல் இருபுறமும் வெட்டப்பட்ட ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நேர்ச்சுரங்கம், வடிவக்கணித அறிவோடு உருவானது. அது இதற்கு நூற்றைம்பது ஆண்டுகளாவது பிந்தியது.

வெட்டியவர்களே தங்கள் வேலையைப் பற்றி எழுதியும் வைத்தார்கள். 1880இல், சுரங்கத்தின் தெற்கு முனையிலிருந்து சில மீட்டர் உள்ளே, விளையாடப்போன சிறுவர்கள் பாறையில் எழுத்துகளைப் பார்த்தார்கள். பழைய எபிரேய எழுத்தில் ஆறு வரிகள். இன்னும் மூன்று முழம் பாறை மிச்சமிருக்கையில் மறுபக்கத்திலிருந்து ஆள் கூப்பிடும் குரல் கேட்டது. கடைசி நாளில் குந்தாலிக்கு எதிராகக் குந்தாலி மோதியது. 1,200 முழத் தொலைவுக்கு நீர் ஓடியது. தலைக்கு மேலே பாறை நூறு முழம் இருந்தது. இவைதான் அதிலுள்ள செய்திகள். அரசன் பெயரும் இல்லை, கடவுள் பெயரும் இல்லை. அக்காலத்து அரச கல்வெட்டுகள் மன்னனின் புகழில் தொடங்கி அதிலேயே முடிபவை. இதுவோ முழுக்க முழுக்கத் தொழிலாளியின் பெருமிதம்.

அரசன் பெயர் இல்லாததால் காலத்தைப் பற்றிய ஐயமும் எழுந்தது. 2003இல் அமோஸ் ஃப்ரம்கினும் உடன் ஆய்ந்தோரும் சுரங்கத்துச் சாந்தில் சிக்கியிருந்த தாவரத் துணுக்குகளையும், கூரையில் பிறகு வளர்ந்த சுண்ணப்படிவங்களையும் கணித்து, வெட்டிய காலம் கி.மு. 700ஐ ஒட்டியது என்று அறிவித்தார்கள். சில பதிற்றாண்டுகள் முன்பே வெட்டப்பட்டிருக்கும் என்று ரைக், ஷுக்ரோன் கருதுகிறார்கள். போர் தலைவாசலுக்கு வந்தபின் தொடங்கி முடிக்கக்கூடிய வேலையாக இது தெரியவில்லை என்பது அவர்கள் பக்கத்து நியாயம்.

சனகெரிப்பின் படை யூதாவின் பல ஊர்களை அழித்தது. எருசலேமை மட்டும் அது பிடிக்கவில்லை. அசீரியரின் பதிவே 46 அரண்மிக்க நகரங்களை வென்றதாகப் பெருமை பேசிவிட்டு, எருசலேமைப் பொறுத்தவரை எசேக்கியாவை உள்ளே அடைத்துவைத்ததோடு நிறுத்திக்கொள்கிறது. நகரம் தப்பியதற்குக் கப்பமும் ஒரு காரணம். நீர் மட்டுமே காத்தது என்று சொல்வது மிகை. நூற்றுப்பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பாபிலோனியர் வந்தபோது சுரங்கத்தில் நீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பஞ்சம் நகரை வீழ்த்தியது.

மேட்டுக்கு ஏறிய நகரம்

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போய்த் திரும்பியவர்களின் சின்ன நகரம் மறுபடி கீகோனைச் சார்ந்தே வாழ்ந்தது. நிலைமையை மாற்றியவை கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டி வந்த நீர்வழிகள். பெத்லகேமுக்குத் தெற்கே உள்ள உயரமான ஊற்றுகளின் நீரை, மலைகளின் வளைவோடு வளைந்து, 20 கிலோமீட்டருக்கு மேல் நடத்திக் கோயில் வளாகத்துக்கே கொண்டுவந்தார்கள். கீகோன் பள்ளத்தில் இருப்பதால் அதன் நீரை மேலே தூக்கித்தான் போகவேண்டும். புதிய நீர் தானே மேட்டுக்கு வந்து சேர்ந்தது. ஊற்றோடு நகரைக் கட்டிப்போட்டிருந்த கயிறு அப்போது அறுந்தது. நகரம் வடக்கிலும் மேற்கிலும் உயரத்துக்கு ஏறியது. சீலோவாம் குளம் மட்டும் கூடாரப் பண்டிகையில் கோயிலுக்கு நீர் மொண்டு செல்லும் புனிதத் துறையாக மதிப்பிழக்காமல் இருந்தது. அக்குளத்தின் அகன்ற கற்படிகள் 2004இல் கழிவுநீர்க் குழாய் பழுதுபார்க்கத் தோண்டியபோது தற்செயலாக வெளிப்பட்டன.

ஒட்டோமான் சுல்தான் சுலைமான் 16ஆம் நூற்றாண்டில் எருசலேமுக்கு இப்போதுள்ள மதிலை எழுப்பினார். நகரம் பிறந்த மலைமுதுகு அந்த மதிலுக்கு வெளியே விடப்பட்டது. இன்றும் பெரும்பாலான பயணிகள் ‘பழைய நகரம்’ என்று சுற்றிப் பார்ப்பது, உண்மையில் அதைவிடப் பழைய நகரத்துக்கு வெளியே உள்ள பகுதியைத்தான்.

ஊற்றைத் தேடிவந்தவர்கள் எல்லோரும் அறிஞர்கள் அல்லர். 1909இல் மாண்டேகு பார்க்கர் என்ற ஆங்கிலப் பிரபு குலத்தவர், விவிலியத்தில் மறைகுறியைப் படித்துவிட்டதாகச் சொன்ன பின்லாந்துக்காரர் ஒருவரை நம்பி, சாலொமோனின் புதையலை எடுக்க இந்தச் சுரங்கங்களைத் தோண்டினார். 1911இல் இரவோடிரவாக, முஸ்லிம்களின் புனிதத் தலமான பாறைக் குவிமாடத்தின் உள்ளேயே கைவைத்ததும் ஊர் கொதித்தெழுந்தது; குழுவினர் யாப்பா துறைமுகத்துக்கு ஓடித் தப்பினார்கள். புதையல் இல்லை. ஆனால் அவர்கள் திறந்த வழிகளையெல்லாம் பிரெஞ்சுத் துறவி லூயி-ஹூக் வின்சென்ட் கவனமாக அளந்து வரைந்து வெளியிட்டதால் தொல்லியலுக்கு ஒரு நன்மை விளைந்தது.

ஊற்று இருக்கும் சில்வான் இன்று பாலஸ்தீனர்கள் நெருக்கமாக வாழும் பகுதி. 1967 போரில் கிழக்கு எருசலேமை இஸ்ரேல் பிடித்தது முதல் இங்கு நடக்கும் ஒவ்வொரு அகழாய்வும் அரசியல் சர்ச்சையோடே நடக்கிறது. வீடுகளின் அடியில் தோண்டுவதைக் குடியிருப்போர் எதிர்க்கிறார்கள். தோண்டும் பணிக்கு நிதி தருவதிலும் தளத்தை நடத்துவதிலும் யூதக் குடியேற்ற அமைப்பு ஒன்றுக்குள்ள பங்கை இஸ்ரேலியத் தொல்லியலாளர்கள் சிலரே கண்டித்திருக்கிறார்கள். இங்கே வெளியாகும் கண்டுபிடிப்புகளைப் படிக்கும்போது இந்தப் பின்னணியையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

எசேக்கியாவின் சுரங்கத்தில் இப்போதும் நீர் ஓடுகிறது. கையில் விளக்கோடு அதில் இறங்கி முழுதும் நடந்து சீலோவாமில் வெளியேறலாம். தொடக்கத்தில் நீர் தொடைவரை இருக்கும், பிறகு குறையும். நனைய விரும்பாதவர்களுக்கு நீரற்றுக் கிடக்கும் கானானியர் கால்வாய் இருக்கிறது. சுரங்கச் சுவரில் காணப்படும் கல்வெட்டு நகல்தான். மூலத்தை 1890 அளவில் யாரோ களவாகப் பெயர்த்தெடுத்தபோது அது பல துண்டுகளாக உடைந்தது. அப்போது ஆண்ட ஒட்டோமான் அரசு அந்தத் துண்டுகளை மீட்டுத் தன் தலைநகருக்கு எடுத்துச் சென்றது. இஸ்ரேல் பலமுறை கேட்டும் துருக்கி அதைத் திருப்பித் தரவில்லை. கல்வெட்டு இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளது.